எந்தக் கை

இன்றோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வைரப்பெருமாள் மாடிப்படி ஏறினார். தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே அந்த அறை. உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும், வேறு பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது, ‘ரொம்ப நன்றி மேடம், இனிமே நான் பாத்துக்கறேன்’ என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும் என்று படிக்குப் படி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. எதிர் நாற்காலியில் நிலோஃபர் மேடம். மேடம் என்று வாய் சொன்னாலும் மனசுக்குள் அவள் ஒரு சின்னப் பெண்தான். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் சுபாஷிணிக்கு அக்கா ஒருத்தி இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். இருவருக்கும் நடுவில் மேஜை கிடையாது. மேஜை இல்லாத டாக்டரை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. டாக்டரே இல்லையாம், மனநல ஆலோசகராம், மாத்திரை எழுத மாட்டாளாம். ரயில்வே ஆஸ்பத்திரியில் இங்கே போய்ப் பேசுங்கள் என்று அனுப்பினார்கள், பேச வந்தால் இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் வந்தும் இது மட்டும் பழகவில்லை. பச்சையோ சிவப்போ ஏதாவது ஒன்று காட்ட வேண்டாமா? காலமெல்லாம் சிக்னலைப் பார்த்து ரயில் ஓட்டியவனைக் கொண்டுவந்து சிக்னலே இல்லாத இடத்தில் உட்கார வைத்தால் அவன் எங்கே பார்ப்பான்? கடிகாரத்தைப் பார்க்கலாமென்றால் அதையும் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள், அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. ஒரு தடவை மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டவள், இன்னைக்கு இதை வாங்கணும்னு ஏன் தோணிச்சு என்று கேட்டாள். முறுக்குக்கு ஒரு காரணமா? வீட்டில் கமலவேணியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருடைய மனைவி அப்படிச் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாராவாரம் போறீங்களே, அப்படி என்னதான் சொல்றாங்க?” என்றாள். ஒண்ணும் சொல்றதில்ல என்றார். “ஒண்ணும் சொல்லாததுக்கா அவ்வளவு தூரம் போறீங்க?” என்றாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வியாழக்கிழமை காலையில் எழுந்ததும் ஒரு சட்டையை எடுத்துத் தனியாக வைக்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது, அது ஏன் என்று அவரும் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற இவள் மட்டும் தெரிந்தால் கேட்பாள்.

சொல்லு, சொல்லிவிட்டு எழுந்திரு. மின்விசிறிக்கு ஒரு சத்தம் இருந்தது, மூன்று சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று. போன வாரம் அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார், விஷயம் அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. போன வாரம் முருங்கைக்காயைப் பற்றிச் சொன்னார். அரியலூர் தாண்டி ஒரு வளைவு, சாயங்கால வெயில், தண்டவாளத்தின் நடுவில் ஒரு ஆள். இதை முதல் வாரமே சொல்லியாகிவிட்டது. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. வாயில் போட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும்: ஹாரன் அடிச்சேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன், வண்டி நிக்க அரை மைல் வேணும், அந்த ஆள் நகரல, அவ்வளவுதான். சொல்லும்போது குரல்கூட மாறாது. அதில் போன வாரம் தன்னை அறியாமல் ஒரு புதுச் சங்கதி வந்து விழுந்துவிட்டது. அந்த ஆளிடம் ஒரு பை இருந்தது, பைக்கு மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. சந்தையிலிருந்து வந்திருக்கிறான். வீட்டுக்கு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போகிறவன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர். வழியவில்லை, நின்றது. அவருக்குப் பதறிப்போயிற்று. அடப்பாவி, இதைப் போய் இந்தப் பிள்ளையிடம் சொன்னாயே என்று உள்ளே ஒரு குரல். உடனே, ‘அதுல இருந்து எங்க வீட்டு சாம்பார்ல முருங்கைக்காயே போடறதில்ல மேடம்’ என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க மகளின் ஹாஸ்டலைப் பற்றியும், அங்கே சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதைப் பற்றியும் பேசிவிட்டு வந்தார். அன்று படியிறங்கும்போதே முடிவு செய்தாகிவிட்டது. முருங்கைக்காய்க்கே இந்தப் பாடு. அதற்கு மேல் இருப்பதை இவள் எப்படித் தாங்குவாள்? அதற்கு மேல் இருப்பது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், வளைவு வரும், வெயில் வரும், பை வரும், பிறகு ஒரு வெள்ளை. அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலில்லை. பகலெல்லாம் தெரியும். பல் தேய்க்கும்போது தெரியும். சொல்லாக மட்டும் ஆகாது. ஆகவும் வேண்டாம், ஒருத்தன் கெட்டது போதும், இன்னொரு பெண்ணையும் எதற்குக் கெடுப்பது, அவளுக்கும் அப்பா இருப்பார், ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்க வேண்டாமா.

“மேடம்,” என்றார். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. “இன்னையோட முடிச்சுக்கலாம்னு பாக்கறேன். இப்ப தேவலை எனக்கு. தூக்கம்கூடக் கொஞ்சம் வருது. திரும்ப வண்டி ஓட்ட லைனுக்குப் போயிடலாம்னு இருக்கேன்.”

“சரி சார்,” என்றாள். சரியா? தடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறோம் என்பதே அந்தச் ‘சரி’யைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. “முடிக்கிறதும் முடிக்காததும் நீங்க எடுக்க வேண்டிய முடிவு. ஆனா முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“போன வாரம் நீங்க பேச்சை நடுவுல மாத்தினீங்க. என் முகத்தைப் பாத்துட்டு.”

கவனித்திருக்கிறாள். வைரப்பெருமாளுக்குக் காது சூடேறியது. திருடும்போது பிடிபட்டவன் மாதிரி ஒரு கூச்சம், அப்புறம் அது என்ன திருட்டு, நல்லதுதானே செய்தோம் என்று ஒரு வீம்பு. கமலவேணியிடமும் இதையேதான் செய்தார். அவள் கேட்கும்போதெல்லாம் ஒண்ணுமில்ல, பழைய மாதிரிதான் என்று சொல்லி அவளைக் காப்பாற்றினார். மகளிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக் காப்பாற்றினார். அன்றைக்கு வண்டியில் கூட இருந்த உதவி ஓட்டுநர் பிஜு, பாலக்காட்டுக்காரன், நல்ல பையன், வளைவு இடது பக்கம் திரும்பியதால் வலது பக்கம் இருந்த அவன் கண்ணுக்கு ஒன்றுமே படவில்லை; அவனிடம், நீ பாக்காததே நல்லது தம்பி, பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல என்று சொல்லி அவனையும் காப்பாற்றினார். இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது, இந்த வேலையில் யாருக்குத்தான் நடக்கவில்லை. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பார், கோயிலில் ஒரு சூடம், அடுத்த டூட்டிக்குப் போகும்போது சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், தீர்ந்தது. இந்தத் தடவையும் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது, அடுத்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் யாரோ யாருக்கோ டாட்டா காட்டினார்கள், அவ்வளவுதான், அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு அடைத்து, பிஜு வண்டியைப் பார்த்துக்கொள்ள, அவரை அங்கேயே இறக்கிவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். இவனுக்கு முன்னால் வண்டியில் விழுந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டோதான். இவன் ஒருத்தன்தான். இவன் ஒருத்தன்தான் நேராகப் பார்த்து. மின்விசிறி டக்கென்றது.

“உங்க கண்ணு கலங்கிடுச்சு மேடம்,” என்றார். “எனக்கு மனசு கேக்கல. நீங்க சின்னப் பொண்ணு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. நான் பாட்டுக்கு வந்து கொட்டிட்டுப் போயிடறேன், நீங்க இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அதான் போதும்னு.”

அவள் முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தார். இல்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கலங்கிச்சு சார், நிஜம்தான்,” என்றாள். “முருங்கைக்காய்னு நீங்க சொன்னப்போ எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா அது என் கண்ணு. அதை நான் பாத்துக்குவேன். இதை வாங்கிக்கறதுக்குத்தான் நான் படிச்சேன், எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க இருக்காங்க, எனக்குப் பாரமானா போய்ப் பேச ஆள் இருக்காங்க. உங்களுக்கு வீட்ல ஒருத்தரைக் காப்பாத்தணும், ஆபீஸ்ல ஒருத்தரைக் காப்பாத்தணும். இங்கயும் வந்து என்னைக் காப்பாத்தற டூட்டி பாக்கணுமா?”

டூட்டி என்ற சொல் சுருக்கென்று தைத்தது. எதிர்த்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, என்ன பேச்சு இது, பெரியவன் அக்கறையில் சொன்னால் இப்படியா. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று, மூட்டையை இறக்கிவைத்த மாதிரி தோள்பட்டை லேசாக, நம்ப முடியாத மாதிரி லேசாக. இவளைத் தூக்க வேண்டியதில்லை. இந்த அறையில் யாரையும் தூக்க வேண்டியதில்லை. அது எப்படி? அவருக்கு அப்படியொரு இடம் இதுவரை இருந்ததேயில்லை. சின்ன வயதில் அப்பா போன பிறகு அம்மாவைத் தூக்கினார், தங்கைகளைத் தூக்கினார், அப்புறம் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு தூங்க விட்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். தூக்காத கை எப்படி இருக்கும் என்றே தெரியாது. கை. இதோ வந்துவிட்டது. வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக மேலே வருகிறது. வேண்டாம். எழுந்துவிடு. கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், நன்றி சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி, அவள் தடுக்க மாட்டாள், சரி என்றுதான் சொன்னாள், கதவு பூட்டியிருக்கவில்லை, கீழே பைக் நிற்கிறது, வீட்டுக்குப் போனால் கமலவேணி காபி போடுவாள், எதிரே உட்கார்ந்து பழைய மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டு, அப்படியே இன்னும் எத்தனை வருஷம்? ரிட்டயராகும் வரைக்குமா? சாகும் வரைக்குமா? யாராவது டாட்டா காட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு? மாட்டேன் என்று யாரோ சொன்னார்கள். தான்தான். உள்ளே, பல்லைக் கடித்துக்கொண்டு. மாட்டேன். இன்றைக்குச் சொல்லாமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை.

“அவன் கையைக் காட்டினான் மேடம்.”

சொல்லிவிட்டார். அறை அப்படியேதான் இருந்தது. கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“எந்தக் கை?” என்றாள் நிலோஃபர்.

வைரப்பெருமாள் நிமிர்ந்தார். ஐயோ பாவம் என்பாள், உங்க தப்பு எதுவுமில்ல என்பாள், அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. எந்தக் கை. இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவேயில்லை. ஆனால் கேட்ட உடனே தெரிந்தது, பட்டென்று, வெயிலோடு சேர்ந்து தெரிந்தது. “இடது கை,” என்றார். “வலது கையில பை. இடது கையைத் தூக்கி, இப்படி,” என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார், “பஸ்ஸை நிறுத்தறதுக்குக் காட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. ஸ்டாப்புல நின்னுக்கிட்டு. சாகறதுக்கு வந்தவன் அப்படிக் காட்ட மாட்டான் மேடம். தண்டவாளத்துல வந்து மாட்டிக்கிட்டானோ, கால் எதுலயாவது சிக்கிச்சோ, இல்ல சாகத்தான் வந்து கடைசி நேரத்துல வேணாம்னு தோணிச்சோ, எனக்குத் தெரியாது. ஆனா நிறுத்துங்கன்னான். என்னைப் பாத்துச் சொன்னான். கண்ணுக்குக் கண்ணு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

இதுதான். இதற்குத்தான் அந்த வெள்ளை. பிரேக் போட்டாகிவிட்டது, அதில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஒரு கை பிரேக்கிலும் ஒரு கை ஹாரனிலும் இருக்கிறது, சக்கரம் எல்லாம் அலறுகிறது, பின்னால் பதினெட்டுப் பெட்டி தள்ளுகிறது, வெயில் கண்ணாடியில் அடிக்கிறது, அந்த முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது, நாலு நாள் தாடி, சட்டையில் மேல் பொத்தான் இல்லை, இதையெல்லாம் பார்க்க எங்கே நேரம் இருந்தது, ஆனால் பார்த்தார், எல்லாவற்றையும் பார்த்தார். அப்போது ஹாரனில் இருந்த அவருடைய கை தானாக மேலே வந்தது. அவர் தூக்கவில்லை. அது வந்தது. கூட்டமாக வருகிற டவுன் பஸ்ஸில் டிரைவர் காட்டுவாரே, நிக்காது, பின்னாடி வண்டி வருது, போ என்று, உள்ளங்கையை அசைத்து. அப்படி அசைத்தது. சாகப்போகிற மனிதனைப் பார்த்து.

“நிக்காதுன்னு காட்டினேன்,” என்றார். “கையை இப்படி ஆட்டினேன் மேடம். அவன் அதைப் பாத்தான். பாத்துட்டு அவன் கையை இறக்கிட்டான். ஹாரனும் நின்னுபோச்சு, என் கை அதுல இல்லையே. அந்த ஆள் கடைசியா பாத்தது என்னைத்தான். நான் அவனை வேண்டாம்னு சொன்னதைத்தான்.”

அதற்குப் பிறகு வந்தது அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. மாடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம், நெஞ்சைப் பிளந்துகொண்டு, நிறுத்தப் பார்த்தால் இன்னும் பலமாக. வெட்கமாக இருந்தது. கீழே கடைக்காரனுக்குக் கேட்குமே என்று நினைத்தார், கேட்டால் கேட்கட்டும் என்றும் நினைத்தார். முகத்தை மூடிய விரல் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தார், பழக்க தோஷம், உடைந்துவிட்டாளா என்று. அவள் முகம் வெளுத்திருந்தது. கண் நிறைந்து ஒரு துளி கன்னத்தில் இறங்கியிருந்தது, துடைக்கவில்லை. ஆனால் அங்கேயே இருந்தாள். நாற்காலியிலேயே, அதே மாதிரி முன்னால் சாய்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டு. ஓடவில்லை, வேறு பேச்சு எடுக்கவில்லை, மகளின் ஹாஸ்டலைப் பற்றிக் கேட்கவில்லை. சத்தம் தானாக அடங்குகிற வரைக்கும் இருந்தாள்.

“நிக்காதுன்னு நீங்க சொன்னது நிஜம்தானே சார்,” என்றாள் மெதுவாக. “வண்டி நிக்காது. அவர் கேட்டாரு, நீங்க பதில் சொன்னீங்க. வேற யாரும் அங்க இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான் இருந்தீங்க.”

தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார். வேண்டாம் என்று அவனைத் தள்ளியதாகவே இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்ததை, அவள் சும்மா கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்: கேட்டான், பதில் சொன்னீர்கள். அது சமாதானமா, இன்னும் பெரிய வலியா, தெரியவில்லை. அதைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அப்படியானால் அவன் கையை இறக்கினானே, அதற்கு என்ன அர்த்தம், புரிந்துகொண்டானா, கைவிட்டானா, என் மேல் கோபமா, இதையெல்லாம் இவளிடம் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும், ஒரு வாசல் திறந்தால் அதற்குள் இன்னும் எத்தனை அறை. வாயைத் திறந்தார்.

“சார்,” என்றாள் அவள். பார்வை ஒரு நொடி அவர் தோளுக்கு மேலே போய்த் திரும்பியது. “இன்னைக்கு இதோட நிறுத்தணும். நேரம் முடிஞ்சிடுச்சு.”

“இப்பவா?”

“ஆமா. இந்த இடத்துல நிறுத்தறது கஷ்டம்னு எனக்குத் தெரியும். வெளிய உக்காந்து முகம் கழுவி, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திட்டுக் கிளம்புங்க. உடனே வண்டி எடுக்க வேணாம். ரொம்ப முடியலைன்னா போன் பண்ணுங்க, எடுப்பேன்.”

“என்ன மேடம் இது? ஒரு மனுஷன் எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டுட்டு உக்காந்திருக்கேன். நேரம் முடிஞ்சிடுச்சுங்கறீங்க!”

“கோபம் வருதா?”

“வராதா பின்ன?” கத்திவிட்டார். கத்தியது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் யாரிடமும், பால்காரனிடம்கூட, குரலை உயர்த்தியதில்லை.

“வரட்டும் சார். அதையும் கொண்டு வாங்க. முடிச்சுக்கறேன்னு வந்தீங்க. என்ன முடிவு?”

வைரப்பெருமாள் எழுந்தார். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சின்னப் பெண்ணாகத் தெரியவில்லை. தன்னைவிடப் பெரியவளாகவும் தெரியவில்லை. எதிரே நின்று சண்டை போடத் தக்க ஒரு ஆளாகத் தெரிந்தாள். “அடுத்த வியாழக்கிழமை வரேன்,” என்றார். “வந்து உங்ககிட்ட சண்டை போடறேன்.”

“வாங்க,” என்றாள்.

முகம் கழுவிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தார். வண்டியை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம் என்று பெரிய ரோட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். வெயில், ஜூஸ் கடை, மருந்துக் கடை, ஸ்கூட்டரில் எதிர்ப்பக்கமாக வந்த ஒருத்தன் திட்டிவிட்டுப் போனான், அவரும் திருப்பித் திட்டினார். மனசு முழுக்கச் சண்டைக்கான வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்படிக் கேட்க வேண்டும், அதற்கு அவள் இப்படிச் சொல்வாள், அப்போது இப்படி மடக்க வேண்டும். முதல் வாக்கியம் முக்கியம், அது சரியாக அமைந்துவிட்டால் மற்றது தானாக வரும். உதடு அசையச் சொல்லிப் பார்த்தார்: ‘நேரம் ஆச்சுன்னா உங்களால மட்டும் எப்படி மேடம் அப்படி டக்குனு நிறுத்த முடியுது? என்னால முடியலையே.’

கடைசி வார்த்தை வந்ததும் அந்த வளைவும் நிற்காத வண்டியும் கண் முன்னால் வந்து, கால் நின்றுவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில், யாரோ நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சீராகிற வரை நின்றார். பிறகு, இதை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே போய்ச் சொல்வது என்று தீர்மானம் செய்துகொண்டு நடந்தார்.